எக்ஸ் கதிரில் மாறும் பெருநிறை விண்மீன்கள்: முதல் ஆய்வுக்கு எதை எடுப்பது?

முதுகலை இயற்பியலின் கடைசி ஆண்டுச் செயல்திட்டத்துக்குப் பெருநிறை விண்மீன்களின் எக்ஸ் கதிரை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவர்கள் அடுத்து வந்து நிற்பது ஒரே கேள்வியில்: எந்த விண்மீன்? தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன், ஸ்விஃப்ட், நைசர் ஆகிய விண்வெளி எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் எடுத்த தரவில் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மென்பொருளும் இலவசம். ஆனால் பொருந்தாத விண்மீனைத் தேர்ந்துவிட்டால் ஆறு மாதமும் பின்னணியைக் கழிப்பதிலேயே போய்விடும். கடைசியில் "மாற்றம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று எழுதி முடிக்க வேண்டியிருக்கும்.

நான்கு விண்மீன்களை இங்கே ஒப்பிடுகிறேன்: ஜீட்டா பப்பிஸ், தீட்டா-1 ஓரியானிஸ் சி, டபிள்யூஆர் 140, ஈட்டா கரினே. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் டபிள்யூஆர் 140. ஓராண்டுக்கு மேல் இருந்து, புள்ளியியலில் பொறுமையும் இருந்தால் ஜீட்டா பப்பிஸ். மற்ற இரண்டும் அழகானவை, ஆனால் முதல் ஆய்வுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது விண்மீன்களின் புகழோ பிரகாசமோ இல்லை. மாற்றம் நிகழும் கால அளவும், நம்மிடம் இருக்கும் தரவின் கால நீளமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது ஒன்றைத்தான் பார்த்தேன்.

எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறது

சூரியனைப் போல் இருபது, ஐம்பது மடங்கு நிறை கொண்ட ஓ வகை விண்மீன்கள் தங்கள் ஒளியாலேயே தங்கள் மேற்பரப்பு வளியை வெளியே தள்ளுகின்றன. இந்த ஓட்டத்தைத்தான் விண்மீனின் காற்று என்கிறோம். கார்பன், நைட்ரஜன், இரும்பு போன்றவற்றின் அயனிகள் புறஊதா ஒளியைத் தம் நிறமாலைக் கோடுகளில் உறிஞ்சி, அந்த உந்தத்தோடு வெளிநோக்கிப் பாய்கின்றன. 1975-இல் கேஸ்டர், ஆபட், க்ளைன் மூவரும் இதற்கு எழுதிய கோட்பாடுதான் இன்றும் அடித்தளம். ஜீட்டா பப்பிஸின் காற்று நொடிக்கு 2,200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுகிறது. அது ஆண்டுதோறும் இழக்கும் நிறை, சூரியன் இழப்பதைப் போல் பத்துக் கோடி மடங்கு வரிசையில் இருக்கிறது.

இந்த விண்மீன்கள் எக்ஸ் கதிரை உமிழ்கின்றன என்பது 1978 இறுதியில், ஐன்ஸ்டைன் விண்கலம் பணியைத் தொடங்கிய சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. தற்செயலாகக் கிடைத்த கண்டுபிடிப்பு அது. ஓ வகை விண்மீனின் எக்ஸ் கதிர் ஒளிர்வு அதன் மொத்த ஒளிர்வில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு. விண்மீனுக்கு விண்மீன் சற்றுக் கூடிக் குறைந்தாலும் இந்த விகிதம் வியக்கத்தக்க அளவுக்கு நிலைத்து நிற்கிறது.

காரணம் காற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஒளியால் தள்ளப்படும் காற்று இயல்பிலேயே நிலையற்றது. ஒரு துணுக்குச் சற்று வேகம் கூடினால், டாப்ளர் விளைவால் அது மற்ற துணுக்குகளின் நிழலிலிருந்து விலகிப் புதிய ஒளியைப் பெறுகிறது, மேலும் வேகம் கூடுகிறது. வேகமான வளி மெதுவான வளியின் மேல் மோத, அதிர்ச்சி அலைகள் பிறக்கின்றன. 1980-களில் லூசி, ஒவோக்கி முதலியோர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். மோதும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வெப்பநிலை உயரும். நொடிக்கு 500 கிலோமீட்டர் வேக வேறுபாட்டில் மோதினால் சுமார் 35 இலட்சம் டிகிரி கிடைக்கும். மென்மையான எக்ஸ் கதிருக்கு அது போதும்.

மாற்றத்துக்கான காரணங்கள் இங்கேதான் பிரிகின்றன. தனி விண்மீனின் காற்றில் உள்ள அடர்ந்த வளிக் கட்டிகள் எழுந்து அழிவதால் மாற்றம் வரலாம். மேற்பரப்பிலுள்ள வெளிச்சப் புள்ளிகள் விண்மீனோடு சுழல்வதால் வரலாம். வலுவான காந்தப்புலம் காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருந்தால் சுழற்சிக்கேற்ப அந்தச் சிறையின் வேறு வேறு முகம் நமக்குத் தெரியும். இரட்டை விண்மீன் என்றால் இரு காற்றுகளும் நேருக்கு நேர் மோதும், சுற்றுப்பாதைக்கேற்ப மோதலின் வலிமை மாறும். நான் எடுத்துக்கொண்ட நான்கு விண்மீன்களில் ஜீட்டா பப்பிஸ் முதலிரண்டு காரணங்களுக்கும், தீட்டா-1 மூன்றாவதற்கும், மற்ற இரண்டும் நான்காவதற்கும் எடுத்துக்காட்டுகள்.

ஜீட்டா பப்பிஸ்: அதிகத் தரவு, அதிகச் சோதனை

வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஓ வகை விண்மீன்களில் மிகப் பிரகாசமானவற்றுள் ஒன்று இது. பிப்ரவரி இரவில் தெற்கே பார்த்தால் தமிழ்நாட்டிலிருந்து நன்றாகவே தெரியும். எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்கலம் தன் கருவிகளை அளவுத்திருத்தம் செய்ய இதையே திரும்பத் திரும்பப் பார்த்ததால், 2000-ஆம் ஆண்டிலிருந்து மலைபோல் தரவு குவிந்திருக்கிறது. இதே வகையைச் சேர்ந்த வேறெந்த விண்மீனுக்கும் இந்த வாய்ப்பு எளிதில் அமையவில்லை.

ஆனால் இதன் ஆய்வு வரலாற்றைப் படித்தபின் தொடங்குவது நல்லது. 1996-இல் பெர்கோஃபரும் உடன் ஆய்வாளர்களும் ரோசாட் என்ற எக்ஸ் கதிர் விண்கலத்தின் தரவில் 16.7 மணி நேரக் காலமுறை ஒன்றைக் கண்டதாக வெளியிட்டார்கள். வீச்சு சுமார் 6 சதவீதம். ஹைட்ரஜனின் ஆல்ஃபா கோட்டிலும் அதே காலமுறை தெரிந்ததால் பலரும் நம்பினார்கள். 2013-இல் யேல் நாஸே குழு எக்ஸ்எம்எம்-இன் பத்தாண்டுக்கு மேற்பட்ட தரவை முழுவதுமாக எடுத்துப் பார்த்தபோது அந்த 16.7 மணி நேரம் அங்கே இல்லை. சில மணி நேரத்துக்குள் நிகழும் மாற்றமும் இல்லை. நாள் கணக்கில் மெல்ல ஏறி இறங்கும் போக்குகள் மட்டுமே இருந்தன.

சில மணி நேர மாற்றம் இல்லை என்பதே ஒரு பெரிய முடிவு. காற்று விண்மீனின் ஆரத்தளவு தூரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் போலத்தான் ஆகும். கட்டிகள் சிலவே இருந்தால், ஒவ்வொன்றும் தோன்றி மறையும்போது ஒளி துள்ள வேண்டும். துள்ளவில்லை என்றால் கட்டிகள் மிக மிக அதிகம். தேர்த் திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் ஒருவர் பேசி நிறுத்தியது தெரியாமல் போவது போல, ஒரு கட்டியின் பிறப்பும் இறப்பும் மொத்தத்தில் கரைந்துவிடுகிறது. நாஸே குழுவின் மதிப்பீட்டின்படி ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட துணுக்குகள் வேண்டும். மாற்றத்தைத் தேடிப் போய், மாற்றமின்மையிலிருந்து காற்றின் உள்ளமைப்பை அளந்த வேலை இது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான்.

கதை அங்கே நிற்கவில்லை. 2014-இல் ஹோவார்த்தும் ஸ்டீவன்ஸும் கட்புல ஒளித் தரவில் 1.78 நாள் காலமுறையைக் கண்டார்கள். 2018-இல் பிரைட் என்னும் சிறு செயற்கைக்கோள் கூட்டத்தின் தரவை வைத்து ராமியாராமானன்த்சோவா குழு, அது விண்மீனின் சுழற்சிக் காலம் என்றும், மேற்பரப்பில் வெளிச்சப் புள்ளிகள் இருக்கின்றன என்றும் விளக்கியது. தெற்கு அரைக்கோளத்துத் தன்னார்வ நிறமாலை ஆர்வலர்களின் பதிவுகளும் அந்த ஆய்வில் பயன்பட்டன. பிறகு 2018, 2019 ஆண்டுகளில் சந்திரா விண்கலம் 8 இலட்சம் நொடிக்கு மேல் இதைப் பார்த்தது. அந்தத் தரவில் ஜாய் நிக்கோல்ஸ் குழு 1.78 நாளை எக்ஸ் கதிரிலும் கண்டு 2021-இல் வெளியிட்டது. ஆனால் எக்ஸ் கதிர் உச்சமும் கட்புல ஒளி உச்சமும் ஒரே நேரத்தில் வரவில்லை. எக்ஸ்எம்எம்-இன் பழைய தொகுப்புகளிலோ அந்தக் காலமுறை எல்லா ஆண்டும் ஒரே மாதிரி நிற்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. டேவிட் கோஹன் குழு 2000-ஆம் ஆண்டின் சந்திரா நிறமாலையை 2018-இன் நிறமாலையோடு ஒப்பிட்டு, இடைப்பட்ட காலத்தில் நிறை இழப்பு வீதம் சுமார் 40 சதவீதம் கூடியிருக்கலாம் என்று 2020-இல் காட்டியது. காற்றே மாறிக்கொண்டிருக்கிறது என்றால், பழைய தரவில் ஒரு காலமுறை தெரியவில்லை என்பது அது அப்போது இல்லாததால் இருக்கலாம், கருவிக்கு எட்டாததாலும் இருக்கலாம். இரண்டையும் பிரிப்பதே உண்மையான ஆய்வுக் கேள்வி.

இங்கேதான் கால அளவுப் பொருத்தம் கழுத்தைப் பிடிக்கிறது. 1.78 நாள் என்பது 42.7 மணி நேரம். எக்ஸ்எம்எம் பூமியைச் சுற்ற 48 மணி நேரம் எடுக்கிறது. அதில் கதிர்வீச்சுப் பட்டைகளுக்கு வெளியே, இடைவிடாமல் பார்க்கக் கிடைப்பது அதிகபட்சம் சுமார் 36 மணி நேரம். ஆக ஒரே பார்வையில் ஒரு முழுச் சுழற்சிகூட அடங்காது. வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த துண்டுகளைச் சேர்த்துத் தைக்க வேண்டும். அளவுத்திருத்தத்துக்காக எடுத்தவை என்பதால் கருவியின் இயங்கு நிலையும் வடிப்பானும் பார்வைக்குப் பார்வை மாறியிருக்கும். சந்திராவிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. விண்கலம் வயதாகி வெப்பக் கட்டுப்பாடுகள் கூடிவிட்டதால், அந்த 8 இலட்சம் நொடியும் இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாகவே கிடைத்தது. மேலும் சந்திராவின் உணரிக்கு முன்னுள்ள வடிப்பானில் ஆண்டுக்கு ஆண்டு படிந்த மாசு, மென்மையான எக்ஸ் கதிர்களை விழுங்குகிறது. ஜீட்டா பப்பிஸின் ஒளி பெரும்பாலும் மென்மையானது. 2000-த்தையும் 2018-ஐயும் ஒப்பிடும் எவரும் விண்மீன் மாறியதா, கருவி மாறியதா என்பதை முதலில் தீர்க்க வேண்டும்.

இதையெல்லாம் தாங்கத் தயாரானவருக்கு இதைவிடச் சிறந்த விண்மீன் இல்லை. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டியவருக்கு இது பொறி.

தீட்டா-1 ஓரியானிஸ் சி: தெளிவான காரணம், நெரிசலான அக்கம்பக்கம்

வேட்டைக்காரன் (ஓரியன்) நெபுலாவின் நடுவில், சரிவகக் கூட்டம் (ட்ரபீசியம்) எனப்படும் விண்மீன் தொகுதியில் இருப்பவற்றுள் மிகப் பிரகாசமானது இது. 15.4 நாளுக்கு ஒருமுறை அதன் நிறமாலையும் எக்ஸ் கதிரும் ஒருசேர மாறுகின்றன. ரோசாட் தரவைக் கொண்டு 1997-இல் கானியே குழு இதைக் காட்டியது. அதே ஆண்டு பாபெலும் மோன்மெர்லும் ஒரு விளக்கம் தந்தார்கள்: சாய்ந்த காந்தப்புலம் இரு துருவத்திலிருந்தும் வரும் காற்றை நடுக்கோட்டுக்குத் திருப்புகிறது, இரு ஓட்டங்களும் அங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. அப்போது அந்த விண்மீனில் காந்தப்புலத்தை யாரும் நேரடியாக அளந்திருக்கவில்லை. 2002-இல் தொனாத்தி குழு அளந்தது, சுமார் 1,100 காஸ். கணிப்பு முதலில், அளவீடு பின்னால் என்று நடந்த நல்ல அறிவியல்.

இங்கே மாற்றம் பெரியது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. காந்தத் துருவம் நம்மை நோக்கும்போது வெப்பவளி முழுதும் தெரியும், நடுக்கோடு நம்மை நோக்கும்போது ஒரு பகுதி விண்மீனுக்குப் பின்னால் மறையும். வெப்பநிலை மூன்று கோடி டிகிரி அளவு, சாதாரண ஓ விண்மீனைவிடப் பல மடங்கு. வளி சிறைப்பட்டிருப்பதால் நிறமாலைக் கோடுகள் ஒடுக்கமானவை. ஜீட்டா பப்பிஸின் அகலமான, ஒருபக்கம் சாய்ந்த கோடுகளோடு இவற்றை வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு இயற்பியல்கள் கண்ணுக்கே தெரியும். காலமுறை முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்திருப்பதால் தேடவே வேண்டாம். ஒவ்வொரு பார்வையையும் அதன் கட்டத்தில் வைத்தால் போதும்.

பிறகு ஏன் முதல் ஆய்வுக்கு வேண்டாம் என்கிறேன்? சரிவகக் கூட்டத்தில் சில நொடி வில் (ஒரு நொடி வில் என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) தூரத்துக்குள் எக்ஸ் கதிர் உமிழும் வேறு விண்மீன்கள் நெருங்கி நிற்கின்றன. எக்ஸ்எம்எம்-ஆல் அவற்றைப் பிரிக்க முடியாது. நைசர் படமே எடுக்காது, மொத்த வயலையும் ஒன்றாக எண்ணும். நம் ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் கூர்மை சுமார் 2 நிமிட வில்தான். சந்திரா ஒன்றே வழி. அதிலும் நேரடிப் படத்தில் ஒளியன்கள் (ஃபோட்டான்கள்) ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, இரண்டு ஒன்றாக எண்ணப்படும் சிக்கல் கடுமையாக இருக்கிறது. 2003 சனவரியில் சந்திரா வேட்டைக்காரனை 8 இலட்சம் நொடிக்கு மேல், ஏறத்தாழ 13 நாள் நீட்சியில் பார்த்தபோது, நூற்றுக்கணக்கான இளம் விண்மீன்களுக்குப் பொன்னான தரவு கிடைத்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் படத்தின் மையமே கெட்டுப்போனது. எனவே கீற்றணி (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கருவி) நிறமாலைத் தரவைத்தான் எடுக்க வேண்டும். அது பத்து இலட்சம் நொடிக்கு மேல் காப்பகத்தில் இருக்கிறது. ஆனால் பக்கத்து விண்மீன்களின் படங்கள் அந்த நிறமாலையின்மேல் ஆங்காங்கே விழுந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு நீக்கும் பயிற்சி ஒரு முனைவர் ஆய்வின் முதலாண்டுக்கு ஏற்றது.

காந்த விண்மீன் என்றாலே மாறும் என்று எண்ணிவிடவும் கூடாது. டௌ ஸ்கார்ப்பியை என்ற விண்மீனும் காந்தப்புலம் கொண்டது, 41 நாளில் சுழல்கிறது. எக்ஸ் கதிரில் அந்தச் சுழற்சியின் தடம் தெரியவில்லை. அதன் காந்தப்புலம் எளிய இருமுனை வடிவில் இல்லாததும், வெப்பவளி எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் இங்கே கேள்விகள். மாறுவதையும் மாறாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் நல்ல கோட்பாட்டுச் செயல்திட்டம் ஒன்று கிடைக்கும். தரவைத் தொடாமல் மாதிரிகளை மட்டும் கட்ட விரும்புபவருக்கு அதைச் சொல்வேன்.

காற்றோடு காற்று மோதும் இரண்டு

டபிள்யூஆர் 140, அன்னம் விண்மீன் குழுவில் ஐயாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் இரட்டை. ஒன்று கார்பன் மிகுந்த வுல்ஃப்-ராயே விண்மீன் (வெளி அடுக்கை இழந்து, அடர்ந்த காற்றை வீசும் பெருநிறை விண்மீன்), மற்றது ஓ வகை. 7.93 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. பாதை மிக நீண்ட நீள்வட்டம், மையப்பிறழ்வு 0.9 அளவு. தொலைவில் இருக்கும்போது 27 வானியல் அலகை (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஓர் அலகு) தொடும் இடைவெளி, இரண்டும் மிக நெருங்கும் அண்மைநிலையில் ஒன்றரை அலகாகச் சுருங்கிவிடுகிறது. இரு காற்றுகளும் நொடிக்கு 3,000 கிலோமீட்டர் அளவில் பாய்ந்து மோதுவதால் வெப்பநிலை பத்துக் கோடி டிகிரிக்குப் போகும். ஆகவே தனி விண்மீனில் கிடைக்காத கடினமான எக்ஸ் கதிர் இங்கே ஏராளம்.

ஒவ்வொரு அண்மைநிலையிலும் மோதும் இடத்தில் தூசு உருவாகி ஓடுபோல் வெளியே விரிகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படத்தில் பதினேழு ஓடுகளாவது ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்ததை 2022-இல் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஓடுகளுக்குக் காரணமான அதே மோதலைத்தான் எக்ஸ் கதிர் நேரடியாகக் காட்டுகிறது.

மாணவருக்கு இது ஏன் பொருத்தம் என்றால், சோதிக்க ஒரு தெளிவான கணிப்பு இருக்கிறது. மோதிய வளி வெப்பத்தை ஒளியாக இழக்க நேரமில்லாத நிலையில், எக்ஸ் கதிர் ஒளிர்வு இடைவெளிக்கு நேர்மாறாக மாற வேண்டும். அதாவது இடைவெளி பாதியானால் ஒளிர்வு இரு மடங்கு. ஸ்டீவன்ஸ், ப்ளோன்டின், பொல்லாக் மூவரும் 1992-இல் எழுதிய விதி இது. சுற்றுப்பாதையின் கூறுகள் நன்றாக அளக்கப்பட்டவை. எந்த நாளில் எவ்வளவு இடைவெளி என்பதைக் கெப்ளர் சமன்பாட்டைத் தீர்த்து நீங்களே கணக்கிடலாம். பிறகு ஸ்விஃப்ட்டின் அளவீடுகளை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அண்மைநிலையை ஒட்டி எளிய விதியிலிருந்து தரவு விலகுவதைக் காண்பீர்கள். எவ்வளவு விலகுகிறது, எங்கே தொடங்குகிறது, மென்மையான பட்டையில் உறிஞ்சல் எவ்வளவு, கடினமான பட்டையில் உண்மையான குறைவு எவ்வளவு என்று பிரிப்பதே உங்கள் ஆய்வு. ஆர்எக்ஸ்டிஇ என்ற பழைய எக்ஸ் கதிர் விண்கலம், ஸ்விஃப்ட், நைசர் ஆகியவற்றின் தரவை ஒருங்கே எடுத்துப் பொல்லாக் குழு 2021-இல் விரிவாக எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, 2024 நவம்பரில் நிகழ்ந்த அண்மைநிலையின் தரவை 2016 திசம்பரோடு ஒப்பிடுவது மாணவர் ஒருவரால் செய்யக்கூடிய, உண்மையிலேயே புதிய வேலை.

தரவைக் கையாள்வதும் எளிது. அக்கம்பக்கத்தில் தொல்லை தரும் பிரகாசமான எக்ஸ் கதிர் மூலம் இல்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்விஃப்ட் தரவு மையம், விண்மீனின் ஆயங்களைக் கொடுத்தால் ஒளிவளைவையும் நிறமாலையையும் தானே உருவாக்கித் தரும் இணையவழிக் கருவியை வைத்திருக்கிறது. நைசரின் தரவைச் சேர்த்தால் நுண்மை கூடும், ஆனால் அது பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருப்பதால் பார்வைகள் துண்டு துண்டாக இருக்கும், பின்னணியையும் மாதிரி வைத்தே கழிக்க வேண்டும். ஆண்டுக் கணக்கில் மாறும் விண்மீனுக்கு அந்தத் துண்டுகள் ஒரு பொருட்டே இல்லை. ஜீட்டா பப்பிஸுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் அதே இடைவெளிகள் இங்கே ஒரு புள்ளியின் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

ஈட்டா கரினேயும் இதே வகை, ஆனால் எல்லாவற்றிலும் பெரியது. 5.54 ஆண்டுக் காலமுறை. முதன்மை விண்மீனின் காற்று அடர்த்தியானது, மெதுவானது, நொடிக்கு 500 கிலோமீட்டருக்குள். துணையின் காற்று 3,000. டாமினெலி 1996-இல் இந்தக் காலமுறையை முன்வைத்தார். அதே ஆண்டு கோர்கோரன் ஆர்எக்ஸ்டிஇ கொண்டு தொடங்கிய கண்காணிப்பு, எக்ஸ் கதிர் 1997 இறுதியில் திடீரென விழுவதைப் படம்பிடித்தது. கணிப்பு நிறைவேறிய அந்தத் தருணத்திலிருந்து 2003, 2009, 2014, 2020 என ஒவ்வொரு சரிவும் பதிவாகியிருக்கிறது. 1997, 2003 சரிவுகளில் ஒளி ஏறத்தாழ மூன்று மாதம் அடங்கிக் கிடந்தது. 2009-இல் ஒரு மாதம் முன்னதாகவே எழுந்துவிட்டது. கடிகாரம்போல் விழுகிறது, ஆனால் எழும் நாள் மட்டும் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது! இதைவிடக் கவர்ச்சியான புதிர் இந்த நான்கிலும் இல்லை.

கவர்ச்சிதான் சிக்கலும். 1840-களில் இந்த விண்மீனில் நிகழ்ந்த பெரும் வெடிப்பில் வீசிய வளி விண்மீனைச் சூழ்ந்து கிடக்கிறது. மென்மையான எக்ஸ் கதிரில் பெரும்பங்கு அந்த வெளி வளையத்திலிருந்து வருகிறது, அது மாறுவதில்லை. உச்ச நேரத்தில் ஸ்விஃப்ட்டுக்கு ஒளியன்கள் அடுக்கி விழும் சிக்கல் உண்டு. விளக்கத்துக்கும் ஒரே காரணம் போதாது: மோதும் பகுதி முதன்மையின் காற்றுக்குப் பின்னால் மறைகிறதா, மோதலே துணையின் மேற்பரப்பில் சரிந்து அணைகிறதா, முதன்மையின் நிறை இழப்புக் குறைந்து வருகிறதா என்பவை பின்னிப் பிணைந்திருக்கின்றன. முப்பரிமாணப் பாய்ம மாதிரிகள் இல்லாமல் இதில் ஆழமாக எதுவும் சொல்ல முடியாது. டபிள்யூஆர் 140-இல் கற்றதைக் கொண்டு இங்கே வரலாம். எதிர்த்திசையில் போவது கடினம்.

வேறு சிலர், சுருக்கமாக

டெல்டா ஓரியானிஸுக்கு 2012 இறுதியில் சந்திரா சுமார் 4.8 இலட்சம் நொடி கொடுத்தது, கூடவே மோஸ்ட் செயற்கைக்கோளின் கட்புல ஒளிப் பதிவும் உண்டு. 5.73 நாள் கிரகண இரட்டை. தரவு ஒழுங்கானது, ஆனால் முக்கியமான வேலைகள் 2015-இல் தொடர்ச்சியாக வெளிவந்துவிட்டன. டபிள்யூஆர் 6 என்ற தனி வுல்ஃப்-ராயே 3.77 நாள் காலமுறையில் மாறுகிறது, வடிவம் நிலையாக இல்லாததால் விளக்கம் திறந்தே கிடக்கிறது. க்சை-1 (ξ¹) கானிஸ் மேஜோரிஸ் துடிக்கும் காந்த விண்மீன், அதன் துடிப்போடு எக்ஸ் கதிரும் ஏறி இறங்குவதை ஒஸ்கினோவா குழு 2014-இல் காட்டியது. சுமார் ஐந்து மணி நேரக் காலமுறை என்பதால் ஒரே எக்ஸ்எம்எம் பார்வையில் பல சுழற்சிகள் கிடைக்கும். நான்கையும் தாண்டி ஐந்தாவதாக ஒன்று வேண்டுமென்றால் இதைப் பாருங்கள்.

தேர்வுக்கு முன் ஒரு கணக்கு

எந்த விண்மீனானாலும் தரவை இறக்குமுன் காகிதத்தில் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு புள்ளியில் 3,600 ஒளியன்கள் இருந்தால் இயல்பான ஏற்ற இறக்கம் 60, அதாவது 1.7 சதவீதம். 5 சதவீத மாற்றம் இந்த ஏற்ற இறக்கத்தைப் போல் மூன்று மடங்காக இருந்தால்தான் நம்பலாம், அதற்கு அவ்வளவு வேண்டும். 1 சதவீத மாற்றத்துக்கு 90,000 வேண்டும். நீங்கள் தேடும் காலமுறையைப் பத்துப் புள்ளிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் அவ்வளவு சேருமா என்று கருவியின் எண்ணிக்கை வீதத்தை வைத்துப் பாருங்கள். சேராது என்றால் விண்மீனை மாற்றுங்கள், முறையை மாற்றிப் பயனில்லை.

இரண்டாவது, காலமுறைத் தேடலில் எழும் உச்சங்களை வெறும் வெள்ளை இரைச்சலோடு (எல்லாக் கால அளவிலும் ஒரே வலிமையுள்ள இரைச்சல்) ஒப்பிடாதீர்கள். காற்றின் மெதுவான ஏற்ற இறக்கம் நீண்ட காலங்களில் வலுவாக இருக்கும். சில சுழற்சிகளே கொண்ட தரவில் அது காலமுறைபோலவே தோற்றம் தரும். போலித் தரவை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, உங்கள் பார்வை இடைவெளிகளையே அதிலும் வெட்டி, அதே உச்சம் எத்தனை முறை தானாக எழுகிறது என்று எண்ணுங்கள். ஜீட்டா பப்பிஸை எடுப்பவர்களுக்கு இந்தச் சோதனை விருப்பத்துக்கு விட்ட ஒன்றாக இருக்கக் கூடாது. டபிள்யூஆர் 140-க்கு இது தேவையே இல்லை, ஏனெனில் காலமுறை சுற்றுப்பாதையிலிருந்து ஏற்கெனவே தெரியும். ஆறு மாதத்துக்கு அதைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜீட்டா பப்பிஸைத் தேர்ந்தவர்களுக்கு ஒரு கூடுதல் வழி உண்டு. அதன் நடுவரை விலக்கம் தெற்கே 40 பாகை. ஐரோப்பாவின் பெரும்பாலான ஆய்வகங்களிலிருந்து அது அடிவானத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். சவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்திலிருந்து பார்த்தால் 37 பாகை உயரத்துக்கு எழும். அதன் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டைக் கல்லூரித் தொலைநோக்கியோடு இணைத்த சிறு நிறமாலைமானியாலேயே பதிவு செய்யலாம், விண்மீன் அவ்வளவு பிரகாசம். எக்ஸ்எம்எம் அளவுத்திருத்தப் பார்வைகளின் அட்டவணை முன்கூட்டியே வெளியாகிறது. அந்த இரவுகளில் இங்கிருந்து கோட்டைப் பதிவு செய்தால், எக்ஸ் கதிரும் காற்றின் அடிப்பகுதியும் ஒரே நேரத்தில் கிடைக்கும். ஓராண்டுத் திட்டம் என்றால் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களை அதற்கு ஒதுக்கிவிட்டு, மீதி மாதங்களில் பழைய தரவைத் தையுங்கள்.